ஊரும் பேரும்: ‘எரி’யின் பிள்ளைகள்!

வானத்துலேர்ந்து ஒருத்தர் இறங்குறார். பேரு எரி. (நெருப்பு எரியுற ‘எரி’ இல்லீங்க... அவர் பேரே அதான்!) கீழே பார்த்தா, கால் வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் சேறு. வேற வழியில்லாம ஒரு கறையான் புத்து மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு, அனுப்பி வெச்ச கடவுள்கிட்டயே புலம்புறார். அந்தக் கடவுள் பேரு சுக்வு. அவர் உடனே ஒரு ஆளை அனுப்புறார். யாரைத் தெரியுமா? ஆவ்கா ஊர்க் கொல்லரை! துருத்தி, கரி, நெருப்போட வந்த கொல்லர், ஊதி ஊதியே சேத்தைக் காய வெச்சு தரையாக்கிட்டார்.

தென்கிழக்கு நைஜீரியாவில், அனம்ப்ரா மாநிலத்தில் இருக்கும் ‘ந்ரி’ என்ற இக்போ ஊரின் பிறப்புக் கதை இது. எரி உயிரோட இருந்தவரை சாப்பாடு மேலேர்ந்தே வந்துச்சாம். அவர் செத்ததும் கட்! பசி தாங்காம மகன் ந்ரி போய்க் கேட்டா, ‘உன் மூத்த மகனையும் மகளையும் பலி கொடுத்துப் புதை’ன்னு பதில். முதல்ல அவங்க நெத்தியில கீறல் போடணும். மனசைக் கல்லாக்கிக்கிட்டு செஞ்சார். மகனைப் புதைச்ச இடத்துல பெருவள்ளிக்கிழங்கு முளைச்சது. மகளைப் புதைச்ச இடத்துல சேப்பங்கிழங்கு. ஒரு ஊரோட முதல் அறுவடைக்கு இவ்வளவு பெரிய விலை!

‘சும்மா கதைப்பா’ன்னு தள்ளிடாதீங்க. பக்கத்துலேயே இருக்கிற இக்போ-உக்வுவில் 1938-ல் ஒருத்தர் வீட்டுல தண்ணித் தொட்டிக்குப் பள்ளம் தோண்ட, வெண்கலப் பொருட்கள் கிளம்பின. 1959-லிருந்து தர்ஸ்டன் ஷா என்ற ஆய்வாளர் அகழாய்வு செஞ்சார். ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டிய வேலைப்பாடுன்னு தெரிஞ்சது. மெழுகு அச்சில் வார்த்த பாத்திரங்கள், ஒரு லட்சத்துக்கும் மேல மணிகள். அந்த வெண்கல முகங்கள் சிலதுல நெத்தியில கீறல் கோடுகள்! ‘இச்சி’ன்னு சொல்ற இதே கீறலோடதான் ந்ரி ஆட்கள் ஊர் ஊராப் போய்ச் சடங்கு செய்வாங்க. ந்ரி ராஜாவோட பலம் படையில்ல, இந்தச் சடங்குதான். 1911-ல் பிரிட்டிஷ்காரங்க அந்த அதிகாரத்தை ஒடுக்கினாங்க.

இப்போதான் சிக்கலே. ‘எரி முதல்ல இறங்கினது எங்க ஊர்லதான், நாங்கதான் மூத்தவங்க’ன்னு அகுலேரிக்காரங்க சொல்றாங்க. ந்ரிக்காரங்க ஒத்துக்கலை. அகுலேரிக்குப் பக்கத்து ஊர் உமுலேரி. அந்தப் பேருக்கே ‘எரியின் பிள்ளைகள்’னுதான் அர்த்தம். ஆனா, ஒட்டுவோச்சா நிலம் யாருக்குன்னு இந்த ரெண்டு ஊருக்கும் பல வருஷச் சண்டை. 1995-லயும் 1999-லயும் வீடுகள் எரிஞ்சு, உயிர்கள் போச்சு. ஒரே தாத்தா பேரைச் சொல்ற ரெண்டு ஊர்! இது போதாதுன்னு, பைபிள்ல காத் என்பவரோட மகன் ‘ஏரி’தான் எங்க எரின்னு ஒரு சாரார் வம்சத்தை இஸ்ரேல் வரைக்கும் கொண்டு போறாங்க. அடிமையா இருந்து விடுதலையான ஒலாடா எக்வியானோ, 1789-லேயே தன் புத்தகத்துல இக்போ வழக்கங்களை யூத வழக்கங்களோட ஒப்பிட்டிருக்கார். ஒப்பிட்டுப் பார்க்கிறது வேற, ரத்த உறவுன்னு சாதிக்கிறது வேற. இந்த ரெண்டாவதுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

‘யார் முதல்?’னு அடிச்சுக்கிறவங்க ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்களா? எரிதான் முதல் மனுஷன்னா, ஆவ்கா ஊர்க் கொல்லர் எங்கேருந்து வந்தார்? எரி வர்றதுக்கு முன்னாடியே ஒரு ஊரும், அதுல ஒரு கொல்லரும் இருந்திருக்காங்கன்னு கதையே சொல்லுதே! ந்ரி ஊருக்குள்ளேயும் அப்படித்தான். எரி வம்சத்துக்காரர் ராஜா ஆகணும்னா, அங்கே ஏற்கெனவே இருந்த அடாமா மக்கள் சடங்கு நடத்தணும். வந்தவருக்கு இருந்தவர் கை கொடுக்கலைன்னா கிரீடம் இல்லை.

கதையை நிலப் பட்டாவா மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டா சண்டைதான். பிரிச்சு முழுசாப் படிச்சா, ‘அன்னிக்கு அந்தக் கொல்லர் வரலேன்னா, நம்ம தாத்தா இன்னும் புத்து மேலதான் உட்கார்ந்திருப்பார்’ங்கிறது புரியும்!