கிராண்ட் இருக்கா?

“கிராண்ட் இருக்கா?” என்றுதான் முதலில் கேட்டார்கள். பெயர் கேட்கவில்லை. எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அம்மா பிஸ்கட் டின்னைத் திறந்தாள். சிவப்பு அடையாள அட்டை, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், மடித்து மடித்து நடுவில் கிழிந்துபோன சம்பளத் துண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கிராண்ட், அதாவது நிலப் பட்டா, இல்லையென்றால் நீங்கள் புறம்போக்குவாசிகள் என்றார். முப்பத்தெட்டு வருஷம் அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டியவளுக்கு, தான் யார் என்று அன்றைக்குத்தான் சொன்னார்கள்.

அம்மா அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். “என் மூத்த புள்ளையப் பொதைச்சது அஞ்சாம் நம்பர் காட்டுக்குப் பின்னாலதான், ஐயா. அதுக்கு என்னா கிராண்ட் வேணும்?”

பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இன்றைக்கு நான் பாகான் டாலாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். எங்கள் தோட்டம் செபராங் பிறையின் உள்ளே இருந்தது. விடிவதற்கு முன்னே பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. என்னை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு அம்மா வாளியும் கத்தியுமாக இருட்டுக்குள் நடப்பாள். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை. கித்தாவை அழித்துச் செம்பனை போட்டார்கள், செம்பனையை அழித்து வீடு கட்ட விற்றார்கள். மரத்தை மாற்றும்போதும் எங்களைக் கேட்கவில்லை, மண்ணை விற்கும்போதும் கேட்கவில்லை. காலி செய்யச் சொல்லும்போதுதான் ‘பேச்சுவார்த்தை’ என்று கூப்பிட்டார்கள்.

எத்தனை பேச்சுவார்த்தை! ஒவ்வொரு முறையும் புது ஆள் வருவார். பழைய கோப்பைக் காணோம், முதலிலிருந்து சொல்லுங்கள் என்பார். அம்மா முதலிலிருந்து சொல்லுவாள். கடைசியில் நடந்தது இதுதான்: இந்தத் தேதிக்குள் காலி செய்கிறோம் என்று எங்களிடம் எழுதி வாங்கினார்கள், மாற்று வீடு தருகிறோம் என்று அவர்கள் வாயால் சொன்னார்கள். நாங்கள் கொடுத்த வாக்கு காகிதத்தில் இருக்கிறது. அவர்கள் கொடுத்த வாக்கு எங்கே இருக்கிறது? யாரிடம் போய்க் கேட்பது? சொன்னவர் மாற்றலாகிப் போய்விட்டார், வாங்கிய நிறுவனம் கைமாறிவிட்டது. நாங்கள் மட்டும் மாறாமல் அதே வரிசையில் நிற்கிறோம்.

எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றால் விதி என்று பொறுத்துக்கொண்டிருப்பேன். பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கம்போங் புவா பாலாவில் என்ன நடந்தது? தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்த தமிழர்கள். பிரவுன் துரை குடும்பத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள். அந்த நிலத்தை ஒரு கூட்டுறவுக் கழகத்துக்கு விற்க முடிவு செய்தது ஓர் ஆட்சி. பட்டா கைமாறியது 2008-இல், அடுத்த ஆட்சி வந்த பிறகு. அவர்கள்தான் செய்தார்கள் என்று இவர்கள், இவர்கள்தான் செய்தார்கள் என்று அவர்கள். நீதிமன்றமும் கைவிட்டது. 2009 செப்டம்பரில் மண்வாரி இயந்திரம் உள்ளே நுழைந்தது. அன்றைக்குக் கட்டிலையும் சாமி படத்தையும் வெளியே தூக்கிவந்து வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கிறது. இரண்டு ஆட்சியில் ஒன்றாவது அந்த இருபத்துச் சொச்சம் குடும்பங்களுக்குத் தாயாக நின்றிருக்கக் கூடாதா?

பினாங்கில் மட்டுமா? சிலாங்கூரில் டெங்கில் என்று ஓர் ஊர். அங்கே புக்கிட் தம்போயில் பூர்வகுடிகளான தெமுவான் மக்களின் நிலத்தை 1995-இல், விமான நிலையத்துக்குப் போகும் சாலைக்காக எடுத்தார்கள். வீட்டுக்கும் மரத்துக்கும் விலை போட்டார்கள், மண்ணுக்குப் போடவில்லை. சாகோங் தாசியும் அவர் உறவினர்களும் வழக்குப் போட்டார்கள். மண்ணும் அவர்களுடையதுதான் என்று 2002-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. பாதுகாக்க வேண்டிய அரசே கடமை தவறிவிட்டது என்று 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 65 லட்சம் வெள்ளிக்கு உடன்பாடு வந்தபோது ஆண்டு 2010. பதினைந்து வருஷம்!

அதே டெங்கிலில்தான் தாமான் பெர்மாத்தா இருக்கிறது. புத்ராஜெயா எழுந்த இடத்தில் முன்பு பெராங் பெசார் தோட்டம் இருந்தது. அங்கேயும் பக்கத்துத் தோட்டங்களிலும் வேலை செய்த தமிழர்களைக் கொண்டுபோய் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் வைத்தார்கள். தரை வீடு வரும் என்று வாக்குக் கொடுத்தார்கள். முதலில் வந்தது சுவரில் வெடிப்பு. ஒரே ஊரில், ஒரே பத்தாண்டில், தெமுவானும் தமிழனும் மண்ணைக் கொடுத்தார்கள். ஒருவன் மண்ணில் சாலை, இன்னொருவன் மண்ணில் நிர்வாகத் தலைநகரம்.

நாங்கள் பூர்வகுடிகள் இல்லை. அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஓராங் அஸ்லி மக்களின் உரிமை எங்களுடையதைவிட மூத்தது, அதற்கு முன்னால் நாங்கள் தலைவணங்கித்தான் நிற்கிறோம். ஆனால் அந்த மூத்த உரிமையின் கதியே என்ன? 2013-இல் மனித உரிமை ஆணையமான சுஹாக்காம், பூர்வகுடி நில உரிமை பற்றிய தேசிய விசாரணையை முடித்து 18 பரிந்துரைகள் தந்தது. பணிக்குழு வந்தது. அமைச்சரவைக் குழு வந்தது. அதற்குப் பிறகும் கிளந்தானில் தெமியார் மக்கள் தங்கள் காட்டைக் காப்பாற்ற, மர லாரிகளின் வழியில் தடுப்புப் போட்டு உட்கார வேண்டியிருந்ததே! நிலம் மாநிலத்தின் அதிகாரம் என்று கூட்டரசு சொல்கிறது. முன்பு இருந்தவர்கள் செய்தது என்று மாநிலம் சொல்கிறது. இடையில் நிற்கிற மனிதன் யாருடைய அதிகாரம்?

முன்னேற்றம் இருக்கிறது, பேசிக்கொண்டிருக்கிறோம் என்று மேடையில் சொல்லும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. பேசப் பேச வயதாகிறவர்கள் நாங்கள்தானே? நீங்கள் ஒத்திவைப்பது ஒரு கூட்டத்தை. எங்களுக்கு அது அம்மாவின் கடைசி வருஷங்கள். மூட்டு வலியோடு ஐந்தாம் மாடியிலிருந்து இறங்க முடியாமல், சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, “வீட்டு விஷயமா யாராச்சும் வந்தாங்களாம்மா?” என்று தினமும் கேட்டாள். இல்லம்மா என்று நான் எத்தனை தடவை சொல்வது? ஒருநாள் சொல்லாமல் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

அம்மா போய் நான்கு வருஷம் ஆகிறது. அவளை எரித்தோம். அண்ணன் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். அந்த இடத்தில் இப்போது வேலி போட்ட குடியிருப்பு, வாசலில் காவலாளி. ஒருமுறை போனேன். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு தோட்டம் இருந்திருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் எந்தத் தோட்டம், எந்த லயம் என்று இன்றைக்கே கேளுங்கள். அவர்களுக்கு அங்கே என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடும்போது நீங்களும் வந்து பக்கத்தில் நில்லுங்கள்.