பிழையில்லாமல் எழுதியது குற்றமா?

என் அக்கா கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தாலும் வந்தது, அசைன்மென்ட் திருத்துவது அவருக்குத் துப்பறியும் வேலையாகிவிட்டது. ‘உங்கள் ஊர்க் கண்மாய்’ பற்றி எழுதச் சொன்னால், பத்துப் பேரின் கண்மாயும் ஒரே மாதிரி இருக்கிறதாம்!

எழுத்துப்பிழை இருந்தால் சொந்தமாக எழுதியது என்று நம்பினார். ஒரு பையன், ‘பிழைகளோடு எழுதிக் கொடு’ என்று சாட்ஜிபிடியிடமே கேட்டு வாங்கிவந்தான். ‘இதோ, பிழைகளுடன் உங்கள் கட்டுரை’ என்ற முதல் வரியோடு பிரின்ட் எடுத்ததால் மாட்டிக்கொண்டான்.

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் முதல் பெஞ்ச் மாணவியின் கட்டுரை வந்தது. ஒற்றுப்பிழைகூட இல்லை. “நீயா எழுதுன?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அவள் பேசவில்லை. மறுநாள் ரஃப் நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதியிருந்தாள்.

“கண்டுபிடிக்க கருவி இருக்குமேக்கா?” என்றேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதாது என்று ஜூலையில் நிறுத்திவிட்டது. அக்கா மட்டும் என்ன செய்வார், பாவம்!

வகுப்பில் கேட்ட கேள்விக்கு வகுப்பிலேயே மன்னிப்பும் கேட்டார். இப்போது ரஃப் நோட்டுக்கும் 5 மதிப்பெண் உண்டு. அந்தப் பெண்தான் இன்னும் முதல் பெஞ்சுக்குத் திரும்பவில்லையாம்.