அப்ரன்டிஸ் பயிற்சியில் விட்டுப்போன நாள்கள்... யார் கணக்கில் சேரும்?

நீலகிரியில் மழைக்கு ரெண்டு சீஸன். ஜூன் முதல் கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபருக்கு மேல் குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தது இந்த ரெண்டாவது மழையில்தான். ரோட்டில் மண் சரிந்தால் பஸ் நிற்கும். ஐ.டி.ஐ முடித்துவிட்டு டீ ஃபேக்டரியில் ஃபிட்டர் அப்ரன்டிஸாக இருப்பவரின் பயிற்சியும் அன்று நிற்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து குறைந்தால், ஃபேக்டரியே சில நாள் ஓடாது.

அந்த நாள்களுக்கு ஸ்டைபண்ட் உண்டா? 1961 அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் வந்த 1992 விதிகள் இதைப் பேசுகின்றன. ஸ்டிரைக், லாக்-அவுட், லே-ஆஃப் என எதுவானாலும், அதற்கு நீங்கள் காரணமில்லை என்றால், அத்தனை நாள் பயிற்சிக் காலம் நீளும். ஸ்டைபண்டும் உண்டு, அதிகபட்சம் 6 மாதம் வரை. நிறுத்தம் ரொம்ப நீளும்போல இருந்தால், ஒப்பந்தத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முதலாளி ஏற்பாடு செய்யணும். மூலப்பொருள் இல்லாமல் வேலையை நிறுத்துவதும் தொழிற்சட்டப்படி லே-ஆஃப்தான். கொழுந்து இல்லை என்பதும் அதில் அடங்கும். ஆனால் ஃபேக்டரி ஓடுது, உங்க ஊர் ரோடு மட்டும் அடைபட்டிருக்கு என்றால், அது உங்க லீவிலேயே கழிய வாய்ப்பு அதிகம். மலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய ஓட்டை.

இதைவிடப் பெரிய இடைவெளி, லீவே போடாத மாதங்களில் விழுகிறது. ஏப்ரலுக்கு மேல் கொழுந்து குவியும்போது ஃபேக்டரிக்குத் தேவை கையாள். அப்ரன்டிஸ் மூட்டை தூக்குவார், ட்ரையர் பக்கம் நிற்பார். அட்டெண்டன்ஸ் 100 சதவிகிதம், கற்றது ஒன்றுமில்லை. அப்ரன்டிஸுக்குப் பீஸ் ரேட் கூடாது; அப்ரன்டிஸ்ஷிப் ஆலோசகர் அனுமதி இல்லாமல் ஓவர்டைமும் கூடாது. சட்டம் இவ்வளவு தெளிவாகத்தான் சொல்கிறது. ஆனால், மூட்டை தூக்கிய நாளைப் பயிற்சி நாளாக எழுதினால் யார் கண்டுபிடிப்பது?

பயிற்சி முன்னேற்றத்துக்குப் பதிவேடு வைப்பது முதலாளியின் கடமை. அதை நம்பி இருக்காமல், அன்றன்று என்ன வேலை செய்தீர்கள் என்று போனிலேயே குறித்து வைங்க. மாதம் ஒருமுறை சூப்பர்வைசரிடம் காட்டி, சிலபஸில் எது பாக்கி என்று கேளுங்க. ஃபிட்டருக்கு நல்ல நேரம் அந்தப் பனிக்காலமேதான். மெஷினைப் பிரித்துப் போட்டு, சி.டி.சி ரோலருக்குப் பல் தீட்டும் பராமரிப்பு வேலை அப்போதுதான் நடக்கும். ஜனவரியிலேயே கேட்டுடுங்க; ஏப்ரல் வந்தால் ரோலரைக் கழற்ற அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.