கறுப்புக் கண்ணாடியும் காமிராக் கண்ணும்

மதுரையிலிருந்து மேலூர் போகும் நாற்கரச் சாலையிலோ, திருமங்கலம் போகும் சாலையிலோ, அந்தி மயங்கும் வேளையில் ஒரு நாழிகை நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு விநோதம் புலப்படும். விரைந்து செல்லும் மோட்டார் கார்கள் சிலவற்றின் ஜன்னல்களில் கறுப்புப் பிலிம் ஒட்டப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பவர் ஆணா பெண்ணா, ஒருவரா ஐவரா என்று வெளியிலிருப்பவர் அறிய வகையில்லை. அதே காரின் முன் கண்ணாடிக்குப் பின்னே சிறு காமிரா ஒன்று, வருவோர் போவோர் அனைவரையும் படம் பிடித்துக்கொண்டே போகிறது. தாம் பிறரைப் பார்க்க வேண்டும், தம்மைப் பிறர் பார்க்கலாகாது என்னும் இவ்வேற்பாடு, பழைய ஜமீன்தாரர் பல்லக்கின் திரையை நமக்கு நினைவூட்டுகிறது.

காமிராவை நாம் குறை கூறவில்லை. அது பெருக வேண்டுமென்றே விரும்புகிறோம். நமது ஜில்லாவின் சமவெளியில் பெருஞ்சாலைகள் கிராமங்களை இரு கூறாகப் பிளந்துகொண்டு போகின்றன. வீடு ஒருபுறம், வயல் மறுபுறம். களையெடுத்துத் திரும்பும் பெண்டிரும், பால் கேன் கட்டிய வண்டிக்காரரும், ஆடு மேய்ப்போரும் அச்சாலையைத் தினந்தோறும் கடந்தாக வேண்டும். இருட்டிலே ஒருவரை இடித்துத் தள்ளிவிட்டு ஒரு கார் பறந்துவிடுமானால், வீழ்ந்து கிடப்பவனுக்குச் சாக்ஷி யார்?

இவ்விடத்தில் சட்டம் செய்திருக்கும் பேதத்தை ஜனங்கள் அறிந்திருக்க வேண்டும். இடித்த வாகனம் இன்னதென்று தெரியாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-வது பிரிவின்படி மரணத்துக்கு 2 லக்ஷம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். 2022-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதிக்கு முன் இத்தொகைகள் முறையே 25,000, 12,500 ரூபாய்களாகவே இருந்தன. நம்பர் தெரிந்துவிட்டாலோ, குடும்பத்தார் விபத்து நஷ்டஈட்டு டிரிப்யூனலை அணுகலாம். அங்கே இறந்தவரின் வயது, சம்பாத்தியம், அவரை அண்டியிருந்தோர் எத்தனை பேர் என்பனவெல்லாம் கணக்கிடப்பட்டு, வாகனத்தை இன்ஷூர் செய்த கம்பெனி பொறுப்பேற்க நேரும். இருபத்தைந்து வயதுக் கொத்தனார் ஒருவர் மாண்டால், இவ்விரு தொகைகளுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளதே. பின்னால் வந்த லாரியிலோ பஸ்ஸிலோ இருந்த ஒரு காமிரா நம்பர் பலகையைப் பதிவு செய்திருக்குமானால், அந்தக் குடும்பத்தின் சோறு அதில் அடங்கியிருக்கிறது.

ஆனால் காமிராவும் வெளிச்சத்தால்தான் பார்க்கிறது. பின்புறக் கண்ணாடியில் கறுப்புப் பிலிமை ஒட்டிவிட்டு அதற்குள்ளே பின் காமிராவைப் பொருத்துகிறவர்கள், காசு கொடுத்துக் கண்ணை வாங்கி அதைத் துணியால் கட்டுகிறவர்கள். பகலில் படம் ஒருவாறு தெரியலாம். இரவில், பின்னே வரும் வண்டியின் விளக்கு ஒரு வெள்ளைப் புகையாய்த் தெரியுமேயன்றி நம்பர் தெரியாது. ஓட்டுகிறவரின் சொந்தக் கண்ணுக்கும் இதே கதிதான்.

சட்டம் இதில் மயக்கத்துக்கு இடம் வைக்கவில்லை. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி, முன் பின் கண்ணாடிகள் நூற்றுக்கு 70 பங்கும், பக்கக் கண்ணாடிகள் 50 பங்கும் வெளிச்சத்தை விட வேண்டுமென்கிறது. 2012 ஏப்ரல் 27-ந் தேதி பிரதம நீதிபதி கபாடியா உள்ளிட்ட மூன்று நீதிபதிகள் அடங்கிய ஸுப்ரீம் கோர்ட் பெஞ்சு, கண்ணாடியின்மேல் எத்தகைய கறுப்புப் பிலிமும் ஒட்டலாகாதென்றும், போலீஸார் அபராதம் விதிப்பதோடு பிலிமை உரித்தெறிய வேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. பின்னர் விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. அதை ஆதாரமாகக் கொண்டு, 2024 செப்டம்பரில் கேரள ஹைக்கோர்ட், 70, 50 என்ற அளவு குறையாத பிலிமை ஒட்டுவது குற்றமன்று என்று கூறியது. அத்தீர்ப்பு நமது ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளையைக் கட்டுப்படுத்தாது. எனினும், அதை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், உள்ளிருப்பவர் உருவமே தெரியாத காருக்கு எந்தத் தீர்ப்பிலும் புகலிடமில்லை.

வெய்யிலைக் காரணம் காட்டுவோர் உண்டு. மதுரை வெய்யிலை நாமும் அறிவோம். சித்திரை மாதத்தில் வீதியோரம் ஒரு மணி நேரம் நின்ற கார் அடுப்பாகிவிடுகிறது. ஆனால் வெளிச்சத்தை விட்டு வெப்பத்தை மட்டும் தடுக்கும் பிலிம்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை அனுமதிப்பது குறித்து சர்க்கார் தெளிவான உத்தரவு பிறப்பிக்கட்டும். வேறு சிலர் அந்தரங்க உரிமையைப் பேசுகிறார்கள். அது 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அடிப்படை உரிமையென ஒப்புக்கொண்ட பெரிய விஷயம். அந்த மொழியைப் பேசுவோர், சாலையில் போகும் ஏழை எளியவரைத் தமது காமிரா அனுமதியின்றிப் பதிவு செய்வதையும் சற்றே யோசிப்பார்களாக.

போலீஸாரிடமும் நமக்கு இரண்டு வார்த்தை உண்டு. காமிராப் பதிவைக் கொண்டு வருகிறவரை, குற்றவாளியைப்போல் உட்கார்த்தி வைத்தால் இரண்டாம் முறை யாரும் வரமாட்டார். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதீய சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவு, இத்தகைய பதிவுக்குக் கருவியின் பொறுப்பாளரும் நிபுணர் ஒருவரும் அத்தாட்சிப் பத்திரம் தர வேண்டுமென்கிறது. படங்களைத் திரிக்கும் வித்தைகள் மலிந்த இக்காலத்தில் அந்த எச்சரிக்கை நியாயமே. ஆயினும் வாடிப்பட்டிப் பக்கம் லாரி ஓட்டும் ஒருவர் நிபுணரைத் தேடி எங்கே அலைவார்? இந்தக் காமிராக்கள் கார்டு நிரம்பியதும் பழைய பதிவை அழித்துப் புதியதை எழுதுபவை. தாமதம் செய்தால் சாக்ஷியமே போய்விடும். ஆகவே பெருஞ்சாலையை ஒட்டிய ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் பதிவை உடனே நகலெடுத்து, ரசீது கொடுத்து, அத்தாட்சிக்கான ஏற்பாட்டைச் சர்க்கார் செலவில் செய்து, கொண்டு வந்தவரை அன்றே அனுப்பிவிட வேண்டும்.

கண்ணாடியைச் சோதிப்பதிலும் கண்மதிப்பு உதவாது. கண்மதிப்பு என்பது நடைமுறையில் காருக்கு உரியவரின் முகமதிப்பாகிவிடுகிறது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர்கள் இருக்கின்றன. அவற்றை நகரப் போலீஸ் கமிஷனரும் ஜில்லா சூப்பரின்டெண்டெண்டும் தங்கள் காவலர்களுக்கு வழங்கட்டும். முதலில் அளக்கப்படுபவை சர்க்கார் ஆபீஸ் வாசல்களில் நிற்கும் கார்களாகவும், கட்சிக் கொடி கட்டிய கார்களாகவும் இருக்கட்டும். மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வருகிறவரை அதற்குப் பிறகு நிறுத்தலாம்.