பிளஸ் ஒன் சேர்க்கையும் கடல் கடந்த படிப்பும்: நோணாங்குப்பத்திலிருந்து ஒரு பார்வை

கோடை தொடங்கியதும் கடலூர் சாலையில் முருங்கப்பாக்கம் முதல் அரியாங்குப்பம், நோணாங்குப்பம், தவளக்குப்பம் வரை பள்ளிச் சேர்க்கைத் தட்டிகள் முளைத்துவிடுகின்றன. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையின் பெற்றோர் நம் மேசைக்கு வந்து முதலில் கேட்பது, "எந்த ஸ்கூல்ல போட்டா வெளிநாட்டுல படிக்கலாம்?" என்பதுதான். பள்ளி வழிகாட்டிகளும் மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுமாகிய நாமும் பெரும்பாலும் பள்ளியின் பெயரிலிருந்தே பதிலைத் தொடங்குகிறோம். தொடங்க வேண்டியது மறுமுனையிலிருந்து. பன்னிரண்டாம் வகுப்பு முடியும் நாளில் அந்தப் பிள்ளையின் கையில் எந்தச் சான்றிதழ் இருக்கும், அது எந்த மாதம் வரும், எந்தப் பாடங்கள் அதில் இருக்கும், எந்த நாடு அதை அப்படியே ஏற்கும்? எல்லாவற்றுக்கும் மேலாக, விசா மறுக்கப்பட்டாலோ வீட்டில் பணம் முடங்கினாலோ அதே சான்றிதழை வைத்துக்கொண்டு இங்கே ஒரு கல்லூரியில் சேர முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெற்றோர் கேட்பதில்லை. நாம்தான் கேட்க வைக்க வேண்டும்.

பெரும்பாலான ஊர்களில் இல்லாத ஒரு வாய்ப்பும் சிக்கலும் நம் ஊரில் சேர்ந்தே இருக்கின்றன. நோணாங்குப்பத்தில் பஸ் ஏறினால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் பிரெஞ்சு அரசின் லிசேவுக்குப் போய்விடலாம். 1826இல் தொடங்கிய பள்ளி அது. 2026இல் இருநூறு ஆண்டு நிறைகிறது. வெளிநாடுகளில் உள்ள பிரெஞ்சுப் பள்ளிகளுக்கான அரசு முகமை அதை நேரடியாக நடத்துகிறது. மழலையர் வகுப்பு முதல் பாக்கலோரேயா வரை பிரான்சின் பாடத்திட்டம்தான். நம் கோடையை முன்னிட்டுப் பல ஆண்டுகள் பாக் தேர்வு பிரான்சுக்கு முன்பே ஏப்ரலில் இங்கு நடந்தது. அதனால் பாண்டிச்சேரி வினாத்தாள் வந்துவிட்டதா என்று பாரிஸ் மாணவர்கள் பயிற்சிக்காகத் தேடிக்கொண்டிருந்தார்கள். கடல் கடந்த படிப்புக்கு இதைவிட நேரான பாதை இந்தியாவில் குறைவு. ஆனால் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, "லிசேல பிளஸ் ஒன் சேர்க்க முடியுமா?" என்று வருகிறவர்களுக்கு அந்தப் பாதை ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. அங்கே எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான் நடக்கும். மொழி இல்லாத பதினைந்து வயதுப் பிள்ளையை அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது கொடுமை. லிசே பற்றிய முடிவு மூன்று வயதில் எடுக்கப்படும் முடிவு. அங்கன்வாடிக்கும் எல்கேஜிக்கும் பிள்ளையை அனுப்பத் தயாராகும் பெற்றோரிடம் இதைப் பேசுவதற்கு நம்மில் யாரும் இல்லை.

லிசேவுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு வேறொரு ஆபத்து உண்டு. அதைப் பற்றி நாம் போதிய அளவு எழுதியதில்லை. பாக் தேர்வு 2021இல் மாற்றியமைக்கப்பட்ட பிறகு, மாணவர் பிளஸ் ஒன்னுக்கு இணையான பிரீமியேர் வகுப்பில் மூன்று சிறப்புப் பாடங்களை எடுத்து, இறுதி ஆண்டான தெர்மினாலில் அவற்றில் ஒன்றை விட்டுவிட வேண்டும். மிஞ்சும் இரண்டு பாடங்களுக்கும் தலா 16 என்ற எடை. மொத்த மதிப்பெண்ணில் 60 விழுக்காடு இறுதித் தேர்வுகளிலிருந்தும், 40 விழுக்காடு தொடர் மதிப்பீட்டிலிருந்தும் வருகின்றன. பிரான்சில் மேற்படிப்புக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் கணிதத்தையும் இயற்பியல்-வேதியியலையும் வைத்துக்கொண்டு உயிரியலை விட்ட பிள்ளை, பாரிஸ் வேண்டாம், இங்குள்ள மருத்துவக் கல்லூரியான ஜிப்மரே போதும் என்று பிறகு மனம் மாறினால், அந்தச் சான்றிதழை மட்டும் வைத்து நீட் எழுதத் தகுதி இருக்காது. உயிரியலை வைத்துக் கணிதத்தை விட்டால் இங்குள்ள பொறியியல் கல்லூரிகளில் சிக்கல். இயற்பியலும் வேதியியலும் அங்கே ஒரே பாடம், ஒரே மதிப்பெண். நம் விண்ணப்பப் படிவங்களோ இரண்டையும் தனித்தனியே கேட்கின்றன. பதினாறு வயதில் ஒரு படிவத்தில் போடும் குறி இத்தனை வாசல்களை அடைக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருப்பதில்லை.

மதிப்பெண்ணையும் அப்படித்தான் தவறாகப் படிக்கிறார்கள். இருபதுக்குப் பத்து வாங்கினால் பாக்கில் தேர்ச்சி. பதினான்கு என்றால் 'நன்று', பதினாறு என்றால் 'மிக நன்று'. பதினான்கை எழுபது விழுக்காடாகக் கணக்கிட்டு, பிள்ளை சுமாராகப் படிக்கிறது என்று வருந்தும் பெற்றோர் உண்டு. அதே கணக்கைப் போடும் கல்லூரி அலுவலகங்களும் உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தரும் இணைச் சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்வதும், பள்ளியிடமிருந்து மதிப்பெண் முறையை விளக்கும் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வதும் நம் வேலை.

இனி, நம் ஊர் வரலாறே போட்டுவைத்த ஒரு கோடு. 1954 நவம்பர் 1இல் புதுச்சேரியின் ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி முழுமையானது. அப்போது ஆறு மாத அவகாசத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய 'சொல்தா' வீட்டுப் பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாக் எழுதலாம். பள்ளிக் கட்டணத்துக்கான பிரெஞ்சு அரசின் உதவித்தொகை பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பிள்ளைக்கு மட்டுமே. அந்தப் பிள்ளைக்கு விசா வேண்டாம். 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களின் இளநிலைக் கட்டணம் ஆண்டுக்கு 2,770 யூரோ என்று நிர்ணயிக்கப்பட்டது; பிரெஞ்சு மாணவருக்கு அந்த ஆண்டு 170 யூரோ. பல பல்கலைக்கழகங்கள் இந்த உயர்வை முழுதாகவோ பகுதியாகவோ தள்ளுபடி செய்கின்றன. ஆனால் அது ஆண்டுதோறும் மாறும், இடத்துக்கு இடம் மாறும். போதாதற்கு விசாவுக்காக மாதம் 615 யூரோ செலவுக்கு இருப்பதாகக் கணக்குக் காட்ட வேண்டும். "அவங்க பையன் போயிட்டான், நம்ம பையனும் போவான்" என்று நம்பி வரும் தந்தையிடம் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லத் தயங்கினால், அந்தக் குடும்பம் அதை இரண்டு வருடம் கழித்து, மனை விற்ற பிறகு தெரிந்துகொள்ளும்.

லிசேவுக்கு வெளியே உள்ள பள்ளிகளில் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகளின் கதை வேறு. புதுச்சேரியில் ஏராளமான பிள்ளைகள் மார்க் வரும் என்பதற்காகவே இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சை எடுக்கிறார்கள். தமிழில் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியாத பிள்ளைகளை நோணாங்குப்பத்திலேயே பார்க்கிறோம்; எனக்கு அது ஆழமான வருத்தம். அந்த விலையைக் கொடுத்துத் தொண்ணூற்றைந்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கும் பிரெஞ்சு பேச வருவதில்லை. பிரெஞ்சு வழியில் இளநிலை படிக்கப் பொதுவாக பி2 நிலை கேட்கிறார்கள். பள்ளித் தேர்வு மதிப்பெண் அதற்கு ஈடாகாது. டெல்ஃப் அல்லது டிசிஎஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வை எழுத வேண்டும். டெல்ஃப் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும், டிசிஎஃப் முடிவு இரண்டு ஆண்டு மட்டும். 1889 முதல் இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் நம் ஊரிலேயே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே அங்கே அனுப்பினால் பிளஸ் டூ முடியும்போது பி2 எட்டக்கூடியதுதான். 2030க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பது பிரான்சின் இலக்கு. படிப்புச் சான்றிதழ்களைப் பரஸ்பரம் ஏற்பதற்கான ஒப்பந்தம் 2018 மார்ச் 10இல் கையெழுத்தானது. ஆக, சாதாரண சிபிஎஸ்இ பள்ளியில் படித்த பிள்ளைக்கும் வழி இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் இல்லாதது மொழி ஒன்றுதான், அதைப் பள்ளியை மாற்றாமலே சேர்த்துக்கொள்ளலாம்.

சர்வதேசப் பாடத்திட்டங்களான கேம்பிரிட்ஜ் ஏ லெவல், ஐபி இரண்டிலும் நாம் விசாரிக்க வேண்டியது கட்டடத்தை அல்ல, காலண்டரை. ஜூன் பருவத்தில் ஏ லெவல் எழுதினால் முடிவு ஆகஸ்டில்தான் வரும். அதற்குள் இங்கே பொறியியல் கலந்தாய்வு பெரும்பாலும் தொடங்கிவிட்டிருக்கும். இதற்காகவே கேம்பிரிட்ஜ் இந்தியாவுக்கென்று மார்ச் பருவத் தேர்வு வைத்திருக்கிறது. முடிவு மே மாதம் வந்துவிடும். நீங்கள் பரிந்துரைக்கும் பள்ளி பிள்ளைகளை மார்ச்சில் எழுத வைக்கிறதா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அதையும் பெற்றோரிடம் சொல்லுங்கள். ஐபி டிப்ளமோவில் ஆறு பாடங்கள், 4,000 சொல் கட்டுரை, மொத்தம் 45 புள்ளி. ஜூலை முதல் வாரத்தில் முடிவு. ஆனால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஒன்றாக எடுக்க வழக்கமான பாட அமைப்பில் இடமில்லை. பள்ளி தனியே அனுமதி வாங்க வேண்டும். மருத்துவம் பற்றிய எண்ணம் ஒரு ஓரத்திலாவது இருக்கும் பிள்ளைக்கு இது உயிர்நாடியான தகவல். இந்தியாவில் முதன்முதலாக 1976இல் ஐபியைக் கொண்டுவந்த கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி நம் மாணவர்களுக்குத் தொலைவு, செலவும் அதிகம். அருகில் ஆரோவில் ஃபியூச்சர் ஸ்கூலில் ஏ லெவல் உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் சர்வதேசக் கல்வி மையம் ஆழமான கல்வி முயற்சி. ஆனால் அது கொள்கையாகவே பொதுத் தேர்வுச் சான்றிதழோ பட்டமோ தருவதில்லை. பெயரில் 'சர்வதேச' என்று இருப்பதைப் பார்த்து விசாரிக்க வருகிறவர்களிடம் இதை மரியாதையோடு விளக்க வேண்டும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 2023-24இல் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சிபிஎஸ்இக்கு மாறின. 2025இல் முதல் அணி பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதியது. மாற்றம் அவசரமாக நடந்தது, ஆசிரியர்களும் பிள்ளைகளும் திணறினார்கள். அந்தத் திணறலைப் பார்த்துப் பயந்த பெற்றோர், கடன் வாங்கிப் பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். சேர்த்த அன்றே ஒரு உரிமை போய்விடுகிறது. மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2023இல் கிடைத்த 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு, இடையில் வெளியேறிய பிள்ளைக்குக் கிடையாது. வெளிநாட்டுப் படிப்பு என்ற கனவுக்காக, புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாகக் கையில் இருந்த வாய்ப்பை விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்பது நீட் மதிப்பெண் வந்த பிறகுதான் தெரிகிறது. டிசி வாங்கப் போகும் பெற்றோரைப் பள்ளி அலுவலகத்திலேயே நிறுத்தி இதைச் சொல்ல ஒரு ஆசிரியர் வேண்டும்.

பாடத்திட்டம் மாறிய பலனையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். சிபிஎஸ்இ சான்றிதழை உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் அறிந்திருக்கின்றன. ஜெர்மனிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் போதாது என்பது உண்மை. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்ச்சியோ, இங்கே அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் ஓராண்டுப் படிப்போ, அங்கே ஓராண்டு ஆயத்தப் படிப்போ வேண்டும். 2022 நவம்பர் முதல், கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரப்படும் ஏபிஎஸ் சான்றும் கட்டாயம். ஆனால் இங்கே ஓராண்டு பிஎஸ்சி படித்துவிட்டுப் போவது பல குடும்பங்களுக்கு மலிவான, பத்திரமான வழி. அதற்குப் பிளஸ் ஒன்னில் லட்சக்கணக்கில் கட்ட வேண்டியதில்லை. அறிவியல் குரூப்பில் உயிரியலை விட்ட பிள்ளைக்கும் கதவு முற்றாக மூடவில்லை: பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு கூடுதல் பாடமாக அதை எழுதினாலும் நீட்டுக்கு ஏற்கலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. இத்தகைய அறிவிப்புகள் நம் பள்ளித் தகவல் பலகைக்கு வந்து சேர்வதே இல்லை.

நம் தொழிலின் நேர்மை பற்றியும் எழுதியாக வேண்டும். வெளிநாட்டுச் சேர்க்கை ஏஜென்ட்கள் பள்ளிகளுக்குள் வந்து 'இலவச' கருத்தரங்கு நடத்துகிறார்கள். சேரும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அவர்களுக்குக் கல்லூரியிடமிருந்து கமிஷன். அந்தப் பணத்தில் ஒரு பங்கு வழிகாட்டியின் பைக்கு வருமானால், அவர் சொல்லும் எந்த ஆலோசனையையும் ஒரு தாய் நம்பக்கூடாது. நாடுகளின் விதிகள் ஓர் அறிவிப்பில் மாறுகின்றன. இந்திய மாணவர்கள் பெரிதும் நம்பியிருந்த விரைவு அனுமதித் திட்டத்தைக் கனடா 2024 நவம்பர் 8இல் நிறுத்தியது. ஏஜென்ட்டுக்கு அடுத்த நாடு இருக்கிறது. பிளஸ் ஒன்னில் ஏற்கெனவே பாடத்தைத் தேர்ந்துவிட்ட பிள்ளைக்கு அப்படி இல்லை. கமிஷன் வாங்கும் யாரையும் பள்ளி வளாகத்துக்குள் விடக்கூடாது என்பதே இந்த இதழின் நிலை.

இந்த ஆண்டு செய்யக்கூடியது ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கான கூட்டத்தை மே மாதத்துக்குத் தள்ளாமல் நவம்பரிலேயே வைப்போம். அரியாங்குப்பம் கொம்யூனில் உள்ள ஏதேனும் ஒரு அரசுப் பள்ளியில், ஞாயிறு காலை, மீன் வலைக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் வைப்போம். ஒவ்வொரு பள்ளி பற்றியும் ஒரே பக்கத்தில், தமிழில் ஒரு தாள் கொடுப்போம்: வாரியம் எது, தேர்வு முடிவு எந்த மாதம், எந்தப் பாடச் சேர்க்கை கிடைக்கும், எது கிடைக்காது, நீட்டுக்கும் ஜேஇஇக்கும் சென்டாக்குக்கும் தகுதி உண்டா, இரண்டு ஆண்டுக்கான முழுக் கட்டணம் எவ்வளவு, கடந்த மூன்று ஆண்டுகளில் அங்கு படித்து வெளிநாடு போனவர்கள் எத்தனை பேர், போகாதவர்கள் எங்கே சேர்ந்தார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தர மறுக்கும் பள்ளிக்கு எதிரே அந்தக் கட்டத்தை வெற்றாகவே விட்டுவிடலாம். உங்கள் பள்ளிக்கான தாளை நிரப்பி அக்டோபர் முதல் வாரத்துக்குள் எங்களுக்கு அனுப்புங்கள். வருகிற இதழில் அவற்றை அப்படியே வெளியிடுகிறோம்.