600 கி.மீ. ஓட்டப்போகும் சைக்கிளைத் தூக்கிப் பார்த்து வாங்கலாமா?

புதிதாக ரோடு சைக்கிள் வாங்கக் கடைக்குள் நுழைபவர்கள் பெரும்பாலும் செய்கிற முதல் காரியம், அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்ப்பது. “தூக்கிப் பாருங்க சார், எட்டு கிலோகூட வராது” என்று கடைக்காரரும் எடுத்துக் கொடுப்பார். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் பந்தயத்துக்கு அந்தச் சோதனை போதும் என்றே வைத்துக்கொள்வோம். இரவு பகலாக 600, 1,200 கி.மீ. ஓட்ட நினைப்பவருக்கு அது போதாது. லட்ச ரூபாய்க்கு மேல் பணத்தைக் கொட்டுவதற்கு முன், எடை பார்க்கும் இந்தப் பழக்கத்தை அவர் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் தூரக் கணக்கைப் பார்த்துவிடலாம். நம் ஊரில் இந்தப் பக்கம் வருபவர்கள் பெரும்பாலும் ‘பிரெவே’ எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களில்தான் தொடங்குகிறார்கள். 200 கி.மீ. ஓட்ட பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. கறாராகச் சொன்னால் இது பந்தயம் அல்ல. முதலிடம், இரண்டாமிடம் எல்லாம் கிடையாது. கெடுவுக்குள் வந்து சேர்ந்தால் போதும். ஒரே ஆண்டில் இந்த நான்கையும் முடிப்பவர்கள் பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸுக்குத் தகுதி பெறலாம். 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய அந்த ஓட்டம் இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. சுமார் 1,200 கி.மீ., அதிகபட்சம் 90 மணி நேரம். அடுத்தது 2027-இல்.

அதற்கும் மேலே போனால் அசல் பந்தயங்கள். அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும் ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’ சுமார் 4,800 கி.மீ. தூரம். ராணுவ மருத்துவர் ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத் 2017-இல் அதைத் தனியாளாக முடித்த முதல் இந்தியர் ஆனார்; அதே ஆண்டு நாக்பூர் மருத்துவர் அமித் சமர்த்தும் முடித்தார். அங்கே பின்னாலேயே உதவி வண்டி வரும், மாற்று சைக்கிளும் இருக்கும். ஐரோப்பாவின் ‘டிரான்ஸ்கான்டினென்டல்’ பந்தயத்தில் அந்த வசதியும் கிடையாது. 2019-இல் ஆண்கள் உட்பட எல்லோரையும் பின்னுக்குத் தள்ளி அதை வென்றவர், ஜெர்மனியைச் சேர்ந்த ஃபியோனா கோல்பிங்கர். சுமார் 4,000 கி.மீ. தூரத்தைப் பத்து நாள்களும் சில மணி நேரமும் எடுத்து, யார் உதவியும் இல்லாமல் முடித்தார்.

இப்போது எடைக்கு வருவோம். 600 கி.மீ. தூரத்தை 40 மணி நேரத்தில் முடிக்க மணிக்குச் சராசரியாக 15 கி.மீ. போனால் போதும். சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாம் அந்த 40 மணி நேரத்துக்குள்தான். வழியில் மொத்தம் 4,000 மீட்டர் ஏற்றம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ எடையை அவ்வளவு உயரம் ஏற்றத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 39,000 ஜூல். 150 வாட் சக்தியில் மிதிப்பவருக்கு அது நாலரை நிமிட வேலைகூட இல்லை. ஒரு டீக்கடையில் நின்று, ‘பாய், ஒரு டீ’ என்று சொல்லிக் குடித்து முடிப்பதற்குள் அதைவிட அதிக நேரம் போய்விடும். அந்த ஒரு கிலோவைக் குறைக்கத்தான் பலர் கூடுதலாக அரை லட்சம், ஒரு லட்சம் என்று கொடுக்கிறார்கள்.

ஆளை இறக்குவது எது?

நெடுந்தூர ஓட்டத்தில் பாதியில் நிற்பவர்களில் கணிசமானோருக்குக் காலில் வலு இருக்கும். கை மரத்துப்போயிருக்கும், உட்கார முடியாமல் புண்ணாகியிருக்கும், கழுத்து நிற்காது. இந்தக் கழுத்துப் பிரச்சினைக்குப் பெயரே உண்டு: ‘ஷெர்மர் கழுத்து’. 1983-இல் அமெரிக்கா கடக்கும் பந்தயத்தில் மைக்கேல் ஷெர்மர் என்பவருக்குத் தலையைத் தூக்கிப் பிடிக்கும் தசைகள் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. அதற்குப் பிறகு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆகவே, சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது ஃபிரேமின் அளவு. ‘மீடியம்’, ‘லார்ஜ்’ என்று சட்டை மாதிரி பார்த்தால் போதாது. பெடல் அச்சிலிருந்து ஃபிரேமின் முன்தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை ‘ஸ்டாக்’ என்றும், எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை ‘ரீச்’ என்றும் சொல்வார்கள். ரேஸ் ஃபிரேமில் உயரம் குறைவு, எட்டிப் பிடிக்கும் தூரம் அதிகம். முதுகு மடங்கிக் காற்றைக் கிழிக்கும். ‘எண்டூரன்ஸ்’ ஃபிரேமில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். கடையில் பத்து நிமிடம் ஓட்டினால் முன்னதுதான் ஜோராக இருக்கும். முப்பதாவது மணி நேரத்தில் எது ஜோராக இருக்கும் என்பதே கேள்வி. குனிந்து ஓட்ட முடியாமல் போய், நிமிர்ந்து ஹேண்டிலின் மேல்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு ரேஸ் ஃபிரேமின் காற்றுக் கணக்கால் என்ன லாபம்?

ஃபிரேமில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதியை உடம்புக்கு ஏற்ப அளவு பார்த்துத் தருபவரிடம் கொடுங்கள். இன்னொரு பகுதி சீட்டுக்கு. சைக்கிளோடு வருகிற சீட்டே ஒத்துப்போவது அதிர்ஷ்டம். நண்பருக்கு ஒத்துப்போன சீட் உங்களுக்கும் ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

அடுத்தது டயர். மெல்லிய டயரில் கல்லாகக் காற்றடித்தால் வேகம் கிடைக்கும் என்ற நம்பிக்கை ரொம்ப நாளாக நம்மிடம் இருக்கிறது. வழவழப்பான மைதானப் பாதையில் அது சரி. சல்லி தெரியும் சாலையில் ஒவ்வொரு அதிர்வும் உங்கள் உடம்பில் இறங்குகிறது. முன்னே போக வேண்டிய சக்தி குலுக்கலில் போகிறது. அகலமான டயரில் குறைந்த காற்று வைத்தால் அந்தக் குலுக்கலை டயரே வாங்கிக்கொள்ளும். எனவே, கடையில் சைக்கிளில் மாட்டியிருக்கும் டயரைப் பார்க்காதீர்கள். “இந்த ஃபிரேம்ல அதிகபட்சம் எத்தனை எம்எம் போகும்?” என்று கேளுங்கள். 32-க்குக் குறைவு என்றால் நான் யோசிப்பேன். பெயின்ட் அடிக்காத வேகத்தடைகள் மேல் இரவு இரண்டு மணிக்கு ஏறி இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கியரில் கௌரவம் பார்ப்பது இன்னொரு வியாதி. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. காலையில் காபி குடித்துவிட்டு ஏறுவது வேறு, 400 கி.மீ. ஓட்டிவிட்டு ஏறுவது வேறு. முன்னால் 34 பல், பின்னாலும் 34 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் முட்டியை உடைத்துக்கொள்ளாமல் ஏறிவிடலாம். ‘அது டூரிங் கியராச்சே’ என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

நடுவழியில் யார் சரிசெய்வது?

நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடை அண்ணன் லாரி டயரையே கழற்றி மாட்டுவார். ஆனால், ஹேண்டிலுக்குள்ளேயும் ஃபிரேமுக்குள்ளேயும் ஒளித்துக் கொண்டுபோன கேபிளை அவரிடம் காட்டி என்ன செய்வது? சமீபத்திய விலையுயர்ந்த மாடல்கள் பலவற்றில் ஹேண்டில் பேரிங் மாற்ற வேண்டுமானால் பிரேக் ஆயில் குழாயையே கழற்ற வேண்டியிருக்கிறது. பார்க்க அழகு, அவ்வளவுதான். போக்ஸ் கம்பி விஷயமும் இப்படித்தான். 20 கம்பி உள்ள சக்கரத்தில் ஒன்று உடைந்தால் வரும் கோட்டத்தில் சக்கரமே சுற்றாமல் போகலாம்; 28 அல்லது 32 கம்பி இருந்தால் கோட்டத்தோடேயே ஊர் வந்து சேரலாம். டிஸ்க் பிரேக்கை மட்டும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மழையில் மலை இறங்கும்போது அதன் அருமை தெரியும்.

வெளிச்சத்துக்கும் இப்போதே பணம் ஒதுக்கிவிடுங்கள். டைனமோ லைட் இல்லாவிட்டால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிட்ட காலம் பலருக்கு நினைவிருக்கும். டயரில் உரசி ‘கொர்ர்’ என்று இழுத்த அந்தப் பழைய டைனமோ இப்போது முன்சக்கர ஹப்புக்குள்ளேயே போய்விட்டது. தருவது 3 வாட்தான். இன்றைய எல்இடி விளக்குக்கு அது தாராளம். ஓரிரவு ஓட்டத்துக்கு பேட்டரி விளக்கும் உபரி பேட்டரியும் போதும். இரண்டு, மூன்று இரவுகள் போகும் திட்டம் இருந்தால் டைனமோவுக்கு வாங்கும்போதே இடம்கொடுங்கள். பிறகு மாட்டுவதென்றால் முன்சக்கரத்தையே புதிதாகக் கட்ட வேண்டிவரும்.

வாங்கியதும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே 600-க்குப் பெயர் கொடுத்துவிடாதீர்கள். புது சைக்கிளில் கேபிள் இளகும், போக்ஸ் தளரும், சீட்டை நாலு மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியிருக்கும். முதலில் ஒரு 200, பிறகு ஓர் இரவு கலந்த 300 ஓட்டிவிட்டு சர்வீஸுக்கு விடுங்கள். விற்ற கடையில் அந்த சர்வீஸ் இலவசமா என்று பில் போடும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.