மண்ணும் மனையும்

மனை என்பது யாது? நான்கு சுவரும் மேலே ஒரு மூடியும் மட்டுந்தானா? வெயிலுக்கு ஒதுங்க மனிதன் கட்டிய கூடு, கோடை வந்ததும் அவனையே வெளியே விரட்டுமானால், அதனை மனை என்றழைப்பது தகுமா? கிணத்துக்கடவை அடுத்த எங்கள் ஊரில், சித்திரை மாத இரவுகளில் வாசலெங்கும் பாய் விரித்துக் கிடப்போரைக் கண்டால் இக்கேள்வி எழாமற் போகாது. அவ்வாறு கிடப்போருள் நானும் ஒருத்தி.

எங்கள் வீடும் ஒரு காலத்தில் தொட்டிக்கட்டு வீடுதான். நடுவே வானம் பார்த்த தொட்டி; அதனைச் சுற்றி ஆசாரம்; முன்னால் திண்ணை; கை முழம் கனத்தில் மண் சுவர்; மேலே சீமை ஓடு. பாலக்காட்டுக் கணவாய் வழியே புறப்பட்டு வரும் ஆடிக் காற்று எங்கள் ஆசாரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பொள்ளாச்சிச் சாலையைக் கடக்கும். என் தந்தையார் அவ்வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு எழுப்பினார். ஊரே மெச்சியது. அப்பத்தா மட்டும் இடிக்காமல் விட்ட ஒரு பழைய அறையிலேயே தங்கிவிட்டார். மின்விசிறி இன்றி அவர் உறங்குகிறார். விசிறியின் கீழே நாங்கள் வேகிறோம்.

இதனால் பழைய வீடெல்லாம் பொன், புதிய வீடெல்லாம் மண் என்று நான் வாதிட வந்ததாக எவரும் எண்ண வேண்டா. பழைய வீட்டைப் புகழ்வோரில் பலர் அதன் அடுப்படியில் ஒரு நாளும் சமைத்ததில்லை. கரி படிந்த அந்த இருட்டில் கண்ணைக் கசக்கிக்கொண்டே என் அம்மா பத்தாண்டு கழித்தார். இன்னொன்றும் உண்டு. அந்தத் திண்ணையில் ஏற உரிமையின்றி வாசலிலேயே நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இக்கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து பயில்கிறார்கள். அவர்களிடம் போய் 'ஆகா, நம் மரபு வீடு!' என்று பாட எனக்கு நா எழவில்லை.

ஆயின் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது? வரலாறு பயிலும் மாணவி என்ற முறையில் ஒன்று சொல்வேன். நாம் பழமை என்று கொண்டாடும் சீமை ஓடு, ஜெர்மானியப் பாதிரிமார் 1865ல் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவியது. பெயரிலேயே 'சீமை' இருக்கிறதே! நம் முன்னோர் அதனை அயலானின் பொருள் என்று ஒதுக்கவில்லை. நாட்டு ஓட்டை விட மேலென்று கண்டார்கள், கூரையில் ஏற்றினார்கள். காரணம் பார்த்துக் கொள்வதே அவர்கள் மரபாக இருந்தது.

இவ்வழியில் நடந்து காட்டியவர் லாரி பேக்கர். பர்மிங்காமில் 1917ல் பிறந்து, காந்தியடிகளைச் சந்தித்து, இந்தியாவையே இல்லமாக்கிக்கொண்டு, 2007ல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தைத் தம் தொழிலின் வேதமாக்கியவர். பளபளக்கும் பெரிய அலுவலகம் அவருக்கு இல்லை. பழைய தாள்களில் தாமே வரைவார். கட்டுமிடத்தில் கொத்தனாரோடு நின்று முடிவு செய்வார். அவர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' வேடிக்கையான பெயர், வினையோ பெரிது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். கூரையிலும் ஒரு சூட்சுமம் செய்தார். தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கிடையே உள்ள கான்கிரீட் பாரம் தாங்குவதில்லை. அங்கே பழைய ஓடுகளைப் பதித்தார். சிமெண்டும் குறைந்தது, சூடும் குறைந்தது. இம்முறைகளைப் பரப்ப 1985ல் 'காஸ்ட்ஃபோர்டு' என்ற அமைப்பு திருச்சூரில் உருவாயிற்று. கணவாயைத் தாண்டினால் திருச்சூர்! கணவாய்க் காற்று வந்த வழியே இந்தக் கருத்து நம்மிடம் வராதது ஏனோ?

வந்திருக்கிறது என்பாரும் உளர். சிறுசிறு கட்டடக்கலை நிலையங்கள் நடத்தும் இளைஞர்கள் மண்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டுகிறார்களே என்பர். உண்மை, அவர்களை வணங்குகிறேன். ஆனால் அவற்றுள் பல, தோப்புக்கு நடுவே செல்வர் கட்டும் ஓய்வு இல்லங்கள். செட்டிநாட்டில் இடித்து விற்ற தேக்குத் தூண் அங்கே அலங்காரமாக நிற்கும். தூணுக்குத் தாங்க ஒன்றுமில்லை; பாவம், அதற்கும் ஓய்வு போலும்!

என் கவலை வேறு. ஊரக ஏழைகளுக்கென 2024ல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் எட்டு இலட்சம் வீடுகளை இலக்காகக் கொண்டது. ஒரு வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. குடிசையின் ஒழுக்கலிலும் தீயிலும் இருந்து மீள்வோருக்கு அது விடுதலையே. ஆனால் சுவரில் நான்கில் ஒரு கல் மிஞ்சினால், எட்டு இலட்சம் வீட்டில் மிஞ்சுவது எவ்வளவு? கல் எங்கிருந்து வருகிறது என்பதைக் கோவைக்காரர் அறிவோம். தடாகம் பள்ளத்தாக்கில் யானை நடந்த செம்மண் தரை குழிகுழியாகத் தோண்டப்பட்டு, 2021ல் நூற்றுக்கு மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. கட்டடக்கலை கற்றோர் தோப்பு வீட்டுக்குத் தரும் மூளையில் ஒரு பங்கை இந்த 360 சதுர அடிக்கும் தர வேண்டும். அரசும் அவர்களை அழைத்துக் கேட்க வேண்டும்.

வரும் தை மாதம் என் சித்தப்பா வீடு கட்டத் தொடங்குகிறார். நான் படம் வரைந்து காட்டினேன். "அம்மிணி, நீ படிக்கறது சரித்திரமா, கொத்து வேலையா?" என்று சிரித்தார். அருகில் நின்ற கொத்தனார் மட்டும் தாளை வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானு இப்படிக் கட்டுனதில்லீங். மேக்காலச் செவுத்த மட்டும் கட்டிப் பாக்கலாங்களா?" என்றார். சித்தப்பா இன்னும் விடை சொல்லவில்லை.